யாருக்குச் சொந்தம் இந்தக் கணக்கு?
அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு வீரர்களின் கொரோனாத் தரவு பற்றி



2020-ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ஆட்டம் ஒன்றைத் தொலைக்காட்சியில் பார்த்த ரசிகருக்கு எண்களுக்குப் பஞ்சமே இல்லை. எந்த வீரர் எத்தனை கஜம் ஓடினார், எத்தனை பந்துகளைப் பிடித்தார், அவருடைய உயரமும் எடையும் என்ன, எந்தப் பள்ளியிலிருந்து வந்தார் என்பதெல்லாம் திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த அணியில் அந்த வாரம் எத்தனை பேருக்குக் கொரோனாத் தொற்று இருந்தது என்பது மட்டும் பல பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை தெரியாது. கேட்டவர்களுக்கும் கிடைக்கவில்லை. அந்த ஓர் எண் எங்கே போனது, ஏன் போனது, அதைத் தேடியவர்கள் எந்த வழியில் எடுத்தார்கள் என்பதுதான் இன்றைய சொற்பொழிவின் பொருள்.

ஃபுட்பால் என்று நான் சொல்வது நம் ஊர்க் கால்பந்தை அன்று. தலைக்கவசம் அணிந்து, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, உடலோடு உடல் மோதி ஆடும் அமெரிக்க ஆட்டம் அது. மூச்சுக் காற்றில் பரவும் ஒரு நோய்க்கு இதைவிட வசதியான ஆட்டம் அமைவது கடினம்.

களமும் பணமும்

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு என்பது நம் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளைப் போன்றதன்று. என்சிஏஏ என்ற தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் கீழ் ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்லூரிகளும் ஏறத்தாழ 5 லட்சம் மாணவ வீரர்களும் இருக்கிறார்கள். அச்சங்கத்தின் ஆண்கள் கூடைப்பந்துப் போட்டி ஒன்றுக்கு மட்டும், 2032 வரையிலான ஒளிபரப்பு உரிமையை எட்டு ஆண்டுகள் நீட்டித்தபோது பேசப்பட்ட தொகை 880 கோடி டாலர். ஆடுகிறவர்களோ 2020-இல் சட்டத்தின் கண்ணில் ஊழியர்களாக இருக்கவில்லை, மாணவர்களாகவே இருந்தார்கள். அவர்களுக்குக் கல்வி உதவித்தொகை இருந்தது, சம்பளம் இருக்கவில்லை, தொழிற்சங்கமும் இருக்கவில்லை. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஃபுட்பால் வீரர்கள் சங்கம் அமைக்க முயன்றபோது, தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் 2015 ஆகஸ்டில் அந்த வழக்கைத் தன் வரம்புக்குள் எடுத்துக்கொள்ளவே மறுத்துவிட்டது. கொரோனா வந்தபோது வீரர்கள் நின்ற இடம் இதுதான்.

2020 மார்ச் 12 அன்று என்சிஏஏ தன் கூடைப்பந்துப் போட்டிகளை ரத்து செய்தது. வகுப்புகள் இணையத்துக்கு மாறின, விடுதிகள் காலியாயின. ஆனால் ஜூன் மாதத்திலேயே ஃபுட்பால் வீரர்கள் வளாகங்களுக்குத் திரும்பினார்கள். அதற்குப் பெயர் ‘விருப்பப் பயிற்சி’. சில பல்கலைக்கழகங்கள் திரும்பி வந்த வீரர்களிடம் உறுதிமொழிப் பத்திரமும் வாங்கின. ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் வீரரும் பெற்றோரும் கையெழுத்திட்ட பத்திரம் அப்போது பெரிய விவாதமாயிற்று. ஆபத்தை ஏற்றுக்கொள்வதாக எழுதித் தருகிறவருக்கு அந்த ஆபத்தின் அளவு தெரிந்திருக்க வேண்டாமா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. அந்த அளவைச் சொல்லும் எண் பல்கலைக்கழகத்தின் கோப்பில் இருந்தது.

சொன்னவர்களும் சொல்லாதவர்களும்

தொடக்கத்தில் சிலர் வெளிப்படையாகவே சொன்னார்கள். ஜூன் 19 அன்று தென் கரோலினாவின் கிளெம்சன் பல்கலைக்கழகம், வீரர்களும் ஊழியர்களுமாக 315 பேரைச் சோதித்ததில் 28 பேருக்குத் தொற்று, அவர்களில் 23 பேர் ஃபுட்பால் வீரர்கள் என்று அறிவித்தது. ஒரு நல்ல அறிவிப்புக்கு வேண்டிய இரண்டு உறுப்புகளும் அதில் இருந்தன. எத்தனை பேருக்கு வந்தது என்பது தொகுதி, எத்தனை பேரைச் சோதித்தார்கள் என்பது பகுதி. பள்ளிக்கூடத்தில் பின்னம் படித்த யாருக்கும் இந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் மற்றது பயன்படாது என்பது தெரியும்.

அடுத்த சில வாரங்களில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. செப்டம்பரில் ஓக்லஹோமா பல்கலைக்கழகம், இனித் தன் ஃபுட்பால் அணியின் தொற்று எண்ணிக்கையை வெளியிடப்போவதில்லை என்றது. எதிரணிக்கு அது சாதகமாகிவிடும் என்பது சொல்லப்பட்ட காரணம். அதே மாதம் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் எட் ஆர்ஜரான், தம் வீரர்களில் பெரும்பாலோருக்கு ஏற்கெனவே வந்துபோய்விட்டது என்று செய்தியாளர்களிடம் போகிற போக்கில் சொன்னார். ‘பெரும்பாலோர்’ என்றால் எத்தனை, எந்த மாதத்தில், எத்தனை சோதனையில் என்பது அந்தப் பேச்சில் இல்லை. ஈஎஸ்பிஎன் விளையாட்டுத் தொலைக்காட்சி நிறுவனம், பல்கலைக்கழகங்கள் சேர்ந்து போட்டி நடத்தும் பெரிய ஐந்து கூட்டமைப்புகளைச் சேர்ந்த 65 பல்கலைக்கழகங்களுக்கும் எழுதிக் கேட்டது. கிட்டத்தட்டப் பாதிப் பல்கலைக்கழகங்கள் தர மறுத்தன.

ஆகவே பல இடங்களில் ஆட்டம் நின்றால்தான் எண் வெளியே வந்தது. அக்டோபர் 28 அன்று விஸ்கான்சின் பல்கலைக்கழகம் நெப்ராஸ்காவுடனான ஆட்டத்தை ரத்து செய்தபோது, தலைமைப் பயிற்சியாளர் உட்பட 12 பேருக்குத் தொற்று என்று சொல்லியே ஆகவேண்டியிருந்தது. அந்தப் பருவத்தில் இப்படி ரத்தானவையும் தள்ளிவைக்கப்பட்டவையுமான ஆட்டங்கள் நூற்றுக்கு மேல். ரத்தாகாத ஆட்டங்களுக்குப் பின்னால் இருந்த எண்கள் பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிட்டன.

நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் முதல் நிலை ஃபுட்பால் ஆடும் 130 பல்கலைக்கழகங்களையும் கேட்டு, கிடைக்காத இடங்களில், அரசு நிறுவனங்களின் ஆவணங்களைக் கேட்டுப் பெற உதவும் பொதுப் பதிவுச் சட்டங்களின்படி மனுப் போட்டு, அந்த டிசம்பரில் ஒரு கணக்கை வெளியிட்டது. வீரர்கள், பயிற்சியாளர்கள், ஊழியர்கள் சேர்த்துக் குறைந்தது 6,600 பேர். ‘குறைந்தது’ என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். முழுத் தகவல் தராத பல்கலைக்கழகங்கள் ஏராளம். தனியார் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுப் பதிவுச் சட்டம் பொதுவாகப் பொருந்தாது. சிறிய கல்லூரிகளை இந்தக் கணக்கு தொடவே இல்லை. 5 லட்சம் வீரர்களைக் கொண்ட அமைப்பு தானே செய்திருக்க வேண்டிய வேலையை ஒரு செய்தித்தாள் மனு எழுதி எழுதிப் பாதி முடித்தது.

தனியுரிமை என்ற வாதம்

மறுத்தவர்கள் அதிகம் சொன்ன காரணம் தனியுரிமை. இரண்டு சட்டங்களின் பெயரைச் சொன்னார்கள். ஒன்று 1974-ஆம் ஆண்டின் மாணவர் கல்விப் பதிவுச் சட்டம், சுருக்கமாக ஃபெர்ப்பா. மற்றது 1996-ஆம் ஆண்டின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம், ஹிப்பா.

ஹிப்பாவை முதலில் முடித்துவிடலாம். ஃபெர்ப்பாவின் கீழ் வரும் மாணவர் பதிவுகளை ஹிப்பாவே தன் வரையறைக்கு வெளியே வைத்திருக்கிறது. ஃபெர்ப்பா காப்பதோ, இன்னார் என்று அடையாளம் காட்டக்கூடிய தகவலை. ‘எங்கள் ஃபுட்பால் அணியில் இத்தனை பேரைச் சோதித்தோம், இத்தனை பேருக்குத் தொற்று’ என்பதில் யாருடைய பெயரும் இல்லை. அமெரிக்கக் கல்வித் துறையே 2020 மார்ச்சில் வெளியிட்ட கேள்வி-பதில் குறிப்பில், அடையாளம் தெரியாத வகையில் தகவல் வெளியிட மாணவரின் ஒப்புதல் தேவையில்லை என்று விளக்கியிருந்தது. ஃபெர்ப்பாவை மீறினால் கூட்டரசு நிதியை நிறுத்தலாம் என்பது தண்டனை. சட்டம் பிறந்ததிலிருந்து 2020 வரை அந்தத் தண்டனை எந்தக் கல்வி நிறுவனத்துக்கும் விதிக்கப்பட்டதில்லை.

இந்தச் சட்டத்தைக் கேடயமாகப் பிடிப்பது கொரோனாவோடு தொடங்கிய பழக்கமன்று. மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் மாணவர் நாளிதழ் ‘தி டைமண்ட்பேக்’, கூடைப்பந்து வீரர்கள் வாங்கிய வாகன நிறுத்த அபராதச் சீட்டுகளின் பதிவைக் கேட்டபோது, அவை கல்விப் பதிவுகள், தர முடியாது என்று பல்கலைக்கழகம் வாதாடியது. 1998-இல் அந்த மாநிலத்தின் உயர்நிலை மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. 2009-இல் ‘கொலம்பஸ் டிஸ்பாட்ச்’ நாளிதழ் 119 பல்கலைக்கழகங்களுக்கு ஒரே மாதிரியான கேள்விகளை அனுப்பியது. ஒரே சட்டத்தைப் படித்துவிட்டுச் சிலர் முழு ஆவணத்தையும் தந்தார்கள், சிலர் பக்கம் முழுக்கக் கறுப்பு மை பூசித் தந்தார்கள், சிலர் எதையுமே தரவில்லை. சட்டத்தைக் கொண்டுவந்த முன்னாள் செனட்டர் ஜேம்ஸ் பக்லியிடமே அந்த நாளிதழ் கேட்டது. தாம் இதற்காக அதைக் கொண்டுவரவில்லை, அது திருத்தப்பட வேண்டும் என்பது அவர் கருத்தாக இருந்தது.

இந்த வாதத்தில் நியாயமான பகுதியும் ஒன்று உண்டு, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். கோல்ஃப் அணியில் எட்டுப் பேர்தான் இருப்பார்கள். ‘இருவருக்குத் தொற்று’ என்றால் அந்த வாரம் பயிற்சிக்கு வராத இருவர் யார் என்று வளாகத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பொதுச் சுகாதாரப் புள்ளியியல் இதற்கு நெடுங்காலமாகவே ஒரு வழி வைத்திருக்கிறது. எண் மிகச் சிறியதாக இருந்தால் ‘5-க்கும் குறைவு’ என்று எழுதலாம். சிறிய அணிகளை ஒன்றாகச் சேர்த்துச் சொல்லலாம். நூறு பேருக்கு மேல் உள்ள ஃபுட்பால் அணிக்கு அந்தச் சிக்கல் எழுவதே அரிது. சில பல்கலைக்கழகங்கள் எல்லா விளையாட்டுகளையும் ஒரே எண்ணாகக் கூட்டி வெளியிட்டன. அதனால் கோல்ஃப் வீரரின் அடையாளம் காப்பாற்றப்பட்டது உண்மை. அதோடு ஃபுட்பால் அணியின் நிலைமையும் அந்தக் கூட்டுத்தொகைக்குள் மறைந்துபோயிற்று.

நிறுவனத்தின் பெயரோடு எண்ணைச் சொல்வதால் தனிமனிதருக்குக் கேடு வராது என்பதற்கு இந்த அவைக்குச் சான்று தேவையில்லை. நம் தமிழ்நாட்டு மக்கள் நல்வாழ்வுத் துறை அந்நாட்களில் தினமும் வெளியிட்ட அறிக்கையில் சோதனை எண்ணிக்கையும், மாவட்ட வாரியாகத் தொற்று எண்ணிக்கையும் இருந்தன. 2020 டிசம்பரில் சென்னை ஐஐடி விடுதிகளில் நூற்றுக்கு மேற்பட்டோருக்குத் தொற்று என்பதை அரசு அதிகாரிகளே நாளிதழ்களுக்குச் சொன்னார்கள். எந்த மாணவரின் பெயரும் அதனால் வெளியே வரவில்லை.

எதிரணிக்குச் சாதகம் என்ற வாதம்

இரண்டாவது காரணம் போட்டி. எத்தனை பேர் ஆடமாட்டார்கள் என்று தெரிந்தால் எதிரணி அதற்கேற்பத் திட்டம் போடும் என்றார்கள். எதிரணி என்பது யார்? அடுத்த சனிக்கிழமை இதே வீரர்களோடு மூச்சு முட்ட மோதப்போகும் இருபது வயது மாணவர்கள். தொற்றின் அளவைத் தெரிந்துகொள்ள அவர்களைவிட உரிமையுள்ளவர் வேறு யார்?

தொழில்முறை ஃபுட்பால் அமைப்பான என்எஃப்எல் அதே பருவத்தில் என்ன செய்தது என்று பார்க்கலாம். அங்கும் வெற்றி தோல்வி உண்டு, பணமும் உண்டு. ஆனால் வீரர்களுக்குச் சங்கம் இருந்தது. சோதனை முறையும் அறிவிப்பு முறையும் சங்கத்தோடு பேசி முடிவாயின. பெயர் குறிப்பிடாத மொத்த எண்கள் தொடர்ந்து வெளிவந்தன. 2021 ஜனவரியில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார இதழில் முழுக் கணக்கும் அச்சாயிற்று. ஆகஸ்ட் 9 முதல் நவம்பர் 21 வரை, வீரர்களும் ஊழியர்களுமாக ஏறத்தாழ 11,400 பேருக்கு ஏறத்தாழ 6,23,000 பிசிஆர் சோதனைகள் செய்ததில் 329 பேருக்குத் தொற்று. தொகுதியும் பகுதியும் காலமும் ஒரே வரியில் இருக்கின்றன. எந்த அணியும் இதனால் தோற்றதாக யாரும் சொல்லவில்லை.

பின்னால் நடந்த ஒன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2018-இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று விளையாட்டுப் பந்தயச் சூதாட்டத்துக்கு மாநிலங்களில் வழி திறந்தது. யார் ஆடுவார், யார் ஆடமாட்டார் என்ற உள்தகவலுக்கு விலை ஏறியது. அதைத் தடுக்க பிக் டென் கூட்டமைப்பு 2023-இலும் எஸ்இசி கூட்டமைப்பு 2024-இலும் ஃபுட்பால் ஆட்டங்களுக்கு முன்பே வீரர்களின் பெயரோடு பட்டியல் வெளியிடத் தொடங்கின. நோய்க்காக மொத்த எண்ணைச் சொல்லவே பலர் தயங்கிய ஓர் உலகம், பந்தயச் சந்தைக்காகப் பெயரையே சொல்ல வழி கண்டுபிடித்துவிட்டது. சட்டமும் போட்டியும் தடை என்பது எவ்வளவு உண்மை என்று நீங்களே எடைபோட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவர்கள் எண்ணிய விதம்

இந்த வரலாற்றில் மிகவும் கவனிக்கத் தக்க பகுதிக்கு இப்போது வருகிறேன். 2020 கோடையில் எல்லோரையும் உலுக்கிய அச்சம் இதயத் தசை அழற்சி. நலமாகத் தெரியும் இளம் வீரர் ஒருவர் இந்த அழற்சியோடு கடும் பயிற்சி செய்தால் களத்திலேயே உயிர் பிரியலாம். ஆகஸ்ட் 11 அன்று பிக் டென், பேக்-12 ஆகிய இரண்டு கூட்டமைப்புகளும் பருவத்தை ஒத்திவைத்தபோது பேசப்பட்ட காரணங்களில் இதுவும் ஒன்று. செப்டம்பரில் ஒஹாயோ ஸ்டேட் மருத்துவர்கள் ஜாமா கார்டியாலஜி இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தொற்றிலிருந்து மீண்ட 26 வீரர்களுக்கு இதய எம்ஆர்ஐ எடுத்ததில் 4 பேரிடம் அழற்சிக்கான அடையாளங்கள். அதாவது 15 சதவீதம். தலைப்புச் செய்திகள் அந்தச் சதவீதத்தை எடுத்துக்கொண்டன, 26 என்ற எண்ணை விட்டுவிட்டன.

பிறகு எண்ணிக்கை பெருகியது. பிக் டென் பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் ஒரு பதிவேட்டை நிறுவி, 13 பல்கலைக்கழகங்களின் 1,597 வீரர்களை எம்ஆர்ஐ வழியே பார்த்து 2021-இல் முடிவை அறிவித்தன. 37 பேருக்கு அழற்சி, 2.3 சதவீதம். நெஞ்சு வலி போன்ற அறிகுறி இருப்பவர்களை மட்டும் பரிசோதித்திருந்தால் 5 பேர்தான் அகப்பட்டிருப்பார்கள் என்றும் அதே ஆய்வு சொன்னது. எவ்வளவு தேடுகிறோமோ அந்த அளவுக்கு எண் மாறும் என்ற பாடம் இதில் இருக்கிறது.

அமெரிக்க விளையாட்டு மருத்துவச் சங்கமும் அமெரிக்க இதயச் சங்கமும் ஆதரித்த ஆர்கா என்ற பதிவேடு மூன்றாவது. ஜொனதன் டிரெஸ்னர், கிம்பர்லி ஹார்மன், ஆரன் பாகிஷ் ஆகிய மருத்துவர்கள் முன்னின்று நடத்தியது. 42 கல்லூரிகளில், 2020-இன் கடைசி நான்கு மாதங்களில், சோதிக்கப்பட்ட 19,378 வீரர்களில் 3,018 பேருக்குத் தொற்று. அவர்களில் இதயப் பாதிப்பு உறுதியாகவோ ஊகமாகவோ காணப்பட்டவர்கள் 21 பேர், 0.7 சதவீதம்.

இந்த வரியில் இரண்டு செய்திகள் உள்ளன. 15 சதவீதம் என்று தொடங்கிய அச்சம், முறையாக எண்ணியபோது ஒரு சதவீதத்துக்கும் கீழே வந்தது என்பது ஒன்று. தேடும் முறை வேறு வேறு என்பதால் மூன்று ஆய்வுகளையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கக் கூடாது. ஆனாலும் ஆறுதல் தந்தது எண்ணிக்கையே, மௌனம் யாருக்கும் ஆறுதல் தரவில்லை. தரவை மறைத்த பல்கலைக்கழகங்கள் தங்களுக்குச் சாதகமாகவே முடிந்திருக்கக்கூடிய சான்றையும் சேர்த்து மறைத்தன. இரண்டாவது செய்தி இன்னும் விசித்திரமானது. 2020-இல் அமெரிக்கக் கல்லூரி வீரர்களிடையே தொற்று எவ்வளவு பரவியது என்று இன்று ஓர் ஆய்வாளர் தேடினால், பகுதியோடு கூடிய நல்ல எண் ஒன்று அகப்படும் இடம் இதய நோய் இதழில் வந்த ஒரு கட்டுரை. தொற்றைப் பற்றிய கணக்கு இதயத்தைப் பற்றிய ஆய்வின் முன்னுரைத் தகவலாக உயிர் பிழைத்திருக்கிறது.

அமைப்பு இல்லை என்று சொல்ல முடியுமா? என்சிஏஏ 1982 முதல் காயக் கண்காணிப்புத் திட்டம் ஒன்றை நடத்திவருகிறது. முழங்கால் தசைநார் எத்தனை அறுந்தது, தலையில் எத்தனை அடி விழுந்தது என்று பெயர் நீக்கிய தரவைக் கல்லூரிகளின் உடற்பயிற்சியாளர்கள் பதிவேற்றுகிறார்கள். எத்தனை பயிற்சிகளுக்கு, எத்தனை ஆட்டங்களுக்கு ஒரு காயம் என்று பகுதியோடு கணக்கிடுகிறார்கள். ஆடும் விதிகள் சில மாறியதற்கே அந்தத் தரவு காரணம். நாற்பது ஆண்டுப் பழக்கம் கையில் இருந்தும், தொற்று எண்ணிக்கையைப் பொதுவில் வைக்கும்படி எந்தக் கல்லூரியையும் அச்சங்கம் கட்டாயப்படுத்தவில்லை. சோதனை பற்றி வழிகாட்டுதல் தந்தது. கணக்கு கேட்கவில்லை.

கணக்கின் உரிமையாளர்

ஏன் கேட்கவில்லை? என் முடிவு இது. தனியுரிமைச் சட்டமும் போட்டி மனப்பான்மையும் மேலே போர்த்திய காரணங்கள். அடியில் இருந்தது, கேட்கும் அதிகாரம் யாருக்கும் இல்லை என்ற நிலை. என்எஃப்எல் வீரருக்குச் சங்கம் கேட்டது. இதயப் பாதிப்பை மருத்துவர்கள் தங்கள் தொழிலின் பொருட்டுக் கேட்டார்கள். கல்லூரி வீரர் சார்பில் கேட்க யாரும் இல்லை. 2020 ஆகஸ்ட் 2 அன்று பேக்-12 வீரர்கள் ஒன்றுகூடிப் பாதுகாப்பு விதிகளை வெளியார் மேற்பார்வையில் வைக்கக் கோரி அறிக்கை விட்டார்கள். அவர்களோடு உட்கார்ந்து பேசும் சட்டக் கடமை எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் இருக்கவில்லை.

வீரர் மட்டுமல்லர் பங்குதாரர். கல்லூரி ஊர்கள் பல சிறியவை. அங்கே உணவகத்தில் பரிமாறுபவர், விடுதியைக் கூட்டுபவர், வீட்டில் காத்திருக்கும் முதிய பெற்றோர் எல்லோருக்கும் அந்த எண்ணில் பங்கு உண்டு. ஆபத்தைச் சுமப்பவருக்கே கணக்கு சொந்தம். பல்கலைக்கழகம் அதன் காவலர் மட்டுமே.

இனி ஒரு தொற்றுக் காலம் வந்தால் செய்ய வேண்டியவை நான்கு. ஆபத்துக்கு வீரரிடம் கையெழுத்து வாங்கும் பத்திரத்திலேயே, வாரந்தோறும் தொற்று எண்ணிக்கையை அவருக்கும் பொதுமக்களுக்கும் தருவோம் என்று நிறுவனமும் கையெழுத்திட வேண்டும். எண்ணைச் சொல்லும்போது சோதித்தவர் எத்தனை, எந்தச் சோதனை, எந்த வாரம், வீரர் எத்தனை, ஊழியர் எத்தனை என்று பிரித்துச் சொல்ல வேண்டும். சிறிய அணிகளுக்கு ‘5-க்கும் குறைவு’ என்ற விதியை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். கணக்கை வெளியிடும் பொறுப்பு, ஆட்டத்தால் வருமானம் பெறும் துறையிடம் இல்லாமல் உள்ளூர்ச் சுகாதாரத் துறையிடம் இருக்க வேண்டும்.

இந்த அவையில் உடற்கல்வி படிப்பவர்களும் புள்ளியியல் படிப்பவர்களும் அமர்ந்திருக்கிறீர்கள். நாளை நீங்கள் அணி மருத்துவராகவோ பயிற்சியாளராகவோ பதிவாளராகவோ ஒரு நிறுவனத்தில் பொறுப்பேற்கும்போது, ‘தனியுரிமை காரணமாகத் தர இயலாது’ என்று எழுதப்பட்ட கோப்பு ஒன்று உங்கள் மேசைக்கு வரும். கையெழுத்திடும் முன் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இதனால் காக்கப்படுவது யாருடைய பெயர், மாணவருடையதா, நிறுவனத்தினுடையதா? மாணவருடையது என்றால் தயங்காமல் கையெழுத்திடுங்கள். நிறுவனத்தினுடையது என்றால் கோப்பைத் திருப்பி அனுப்புங்கள்.